டெக்சாஸில் வாடகைக்கு விட வீடு வாங்கும் முன் கேப் ரேட்டை நீங்களே போட்டுப் பாருங்கள்

டாலஸ் பக்கம் வந்து கொஞ்சம் சேமிப்பு சேர்ந்ததும், வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கிப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வாங்குங்கள், வேண்டாம் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. ரியல்டர் (வீட்டுத் தரகர்) நீட்டும் தாளில் இருக்கிற கேப் ரேட்டை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

வருட வாடகையில் செலவெல்லாம் போக மிஞ்சுவதை வீட்டு விலையால் வகுத்தால் வருகிற சதவீதம்தான் கேப் ரேட். கடன் தவணை இதில் சேராது. முழுப் பணமும் கொடுத்து வாங்கினால் வீடு என்ன சம்பாதித்துத் தரும் என்பதைத்தான் இது சொல்லும். செலவுப் பட்டியலில் எதை விட்டார்கள் என்று பார்க்க வேண்டும், சூட்சுமம் முழுக்க அங்கேதான்.

4 லட்சம் டாலர் வீடு, மாதம் 2,500 வாடகை என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 30,000. தாளில் பிராப்பர்ட்டி டாக்ஸ் 5,000, இன்சூரன்ஸ் 2,500 மட்டும் கழித்திருப்பார்கள்; 22,500 மிஞ்சும், கேப் ரேட் 5.6%. பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

அந்த 5,000 யாருடைய வரி? விற்பவருடையது. அவர் அங்கேயே குடியிருந்ததால் ஹோம்ஸ்டெட் சலுகை (சொந்தக் குடியிருப்புக்கான வரிச் சலுகை) உண்டு, வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது, 65 வயது தாண்டியவர் என்றால் பள்ளி வரியும் அதே தொகையில் நின்றிருக்கும். வாடகைக்கு விடுகிற உங்களுக்கு இதில் எதுவும் கிடையாது. அடுத்த ஜனவரி 1 நிலவரப்படி மதிப்பு புதிதாகக் கணக்காகும். மாநில வருமான வரி இல்லாத ஊர் என்று சந்தோஷப்படுகிறோம், ஆனால் பள்ளிக்கும் கவுண்டிக்கும் பணம் பெரும்பாலும் வீட்டு வரியிலிருந்துதான் போகிறது. வீட்டு விலையில் 2% வரி என்று வைத்தாலே 8,000 ஆகிவிடும். புதுக் கட்டுமானம் என்றால் இன்னும் கவனம் வேண்டும், முதல் வருட பில் வெறும் மனைக்கு மட்டும் வந்திருக்கலாம், அதைப் பார்த்து மயங்கக் கூடாது. கவுண்டியின் அப்ரைசல் (சொத்து மதிப்பீட்டு) தளத்தில் முகவரியைப் போட்டால் மதிப்பு, சலுகை எல்லாம் தெரியும். பள்ளி, கவுண்டி என்று ஒவ்வொன்றின் வரி விகிதத்தையும் கூட்டி, வீட்டு மதிப்போடு நீங்களே பெருக்கிப் பாருங்கள். மட் வரி (MUD, தண்ணீர், சாக்கடை வசதிக்கான வட்டார வரி), பிட் கட்டணம் (PID, அந்தப் பகுதி மேம்பாட்டுக்கானது) இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இனி மற்றதையும் எழுதுவோம். ஆலங்கட்டி மழை இங்கே கூரையைப் பதம் பார்க்கும், அதனால் இன்சூரன்ஸ் 3,000. எச்ஓஏ (குடியிருப்போர் சங்கக் கட்டணம்) 800. அரை மாதம் காலியாகக் கிடந்தால் 1,250. வாடகை வசூல், பழுது எல்லாம் பார்த்துக்கொள்ளும் பராமரிப்புக் கம்பெனிக்கு வாடகையில் 8% என்றால் 2,400. ஏசி, வாட்டர் ஹீட்டர், களிமண் நிலம் என்பதால் அஸ்திவாரம், இதற்கெல்லாம் வருடத்துக்கு 3,000 ஒதுக்குங்கள். மொத்தச் செலவு 18,450, மிஞ்சுவது 11,550. கேப் ரேட் 2.9 கூட முழுசாக இல்லை. வீடும் அதே, வாடகையும் அதே!

கடன் வட்டி 7% என்றால் இந்த 2.9 எப்படிக் கட்டும்? 1 லட்சம் முன்பணம் போட்டு 3 லட்சம் கடன் வாங்கினால், 30 வருடத் தவணை மாதம் ஏறக்குறைய 2,000. வீடு கொடுப்பது மாதம் 960-தான். மீதி ஆயிரத்துச் சொச்சம் உங்கள் சம்பளத்திலிருந்து போகும், மாதாமாதம்.

5% வேண்டுமென்றால் என்ன விலைக்கு வாங்க வேண்டும் என்று திருப்பியும் போடலாம். 11,550-ஐ 0.05-ஆல் வகுத்தால் 2,31,000. அந்த விலைக்கு யாரும் தரமாட்டார்கள், ஏனென்றால் டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோ, பிளேனோவில் விலையை நிர்ணயிப்பது நல்ல பள்ளி தேடி வரும் குடும்பங்கள், வாடகைக் கணக்கு அல்ல. அப்போது நீங்கள் வாங்குவது விலை ஏறும் என்ற நம்பிக்கையைத்தான். அது தெரிந்து வாங்கினால் சரி.

அப்புறம், வேறு மாநிலத்தில் இருக்கிற கிளீவ்லாண்ட், மெம்ஃபிஸில் 10% கேப் ரேட் வருகிறது என்று பார்க்காமலே வாங்குகிறவர்களும் உண்டு. சதவீதம் அவ்வளவு உயரமாக இருந்தால் பழைய வீடு, வாடகை நிலுவை, காலி மாதங்கள் என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். நேரில் போய்த் தெருவைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் பராமரிப்புக் கம்பெனிச் செலவை 'நானே பார்த்துக்கொள்வேன்' என்று கணக்கிலிருந்து எடுக்க வேண்டாம். வீடு வைத்து வாடகை வாங்குவது முதலீடு. அதையே வேலைபோல நடத்தினால் விசாவுக்குச் சிக்கலாகுமா என்று இமிக்ரேஷன் வக்கீலிடம் முதலில் கேளுங்கள். வேலை போனால் வேறு வேலை தேடவோ கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். நீங்கள் ஊருக்குக் கிளம்ப நேர்ந்தால் இங்கே குழாய் உடைந்ததற்கு ஆள் அனுப்பப் போவது அந்தக் கம்பெனிதான், அந்த 2,400 முதல் நாளிலிருந்தே கணக்கில் இருக்கட்டும்.