“வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்கண்ணே”: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

மருந்துக்கடை மாமா:

மருந்துக்கடையில் நிற்க ஆரம்பித்து 14 வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் தலைப்பில் இருப்பதுதான். எங்கே வலி, எத்தனை நாளாக வலி, ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நாம் கேட்டால் முகம் சுருங்கும். “செட் மாத்திரையா மடிச்சுக் குடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு.” பேப்பரில் ஒரு வலி மாத்திரை, ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை. சில கடைகளில் குட்டியாக வெள்ளையில் ஒரு ஸ்டீராய்டும் சேரும். முதலில் வேலை பார்த்த கடையில் நானும் மடித்துக் கொடுத்தவன்தான், மறைக்கவில்லை.

போன மாதம் ஒரு தம்பி உடம்பு வலி என்று பாராசிட்டமால் 650 ஒரு அட்டை கேட்டார். பையில் ஏற்கெனவே ஒரு சளி மாத்திரை அட்டை இருந்தது. திருப்பிக் காட்டினேன், அதிலும் பாராசிட்டமால். “ஒரு நாளைக்கு எத்தனை போடறீங்க?” என்றால், “அதுல மூணு, இதுல நாலஞ்சு” என்கிறார். நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளுக்கு 4 கிராம்தான் எல்லை. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் வந்துவிடும். அதற்கு மேல் போனால் அடி வாங்குவது கல்லீரல். குடிப்பவர்களுக்கு எல்லை இதைவிடவும் குறைவு. தம்பிக்கு இரண்டு அட்டையும் ஒரே மருந்து என்பதே தெரியவில்லை, பெயர் வேறு, கலர் வேறு.

வலியை நம்பி மாத்திரையா, மாத்திரையை நம்பி வலியா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வருகிறது. உங்கள் வீட்டுக் கதைகளை எழுதுங்கள்.

தஞ்சாவூர் மகள்:

எங்கள் அம்மா 40 வருஷம் வயலில் குனிந்து நடவு நட்டவர். முட்டி தேய்ந்துவிட்டது. தைலம், ஒத்தடம், முட்டிக்கு உறை எல்லாம் பார்த்தாயிற்று. அப்புறம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா டப்பாவில் வைத்திருந்த மாத்திரை கை மாறியது. “ஒண்ணு போட்டா பத்து மணி வரைக்கும் நல்லா நடக்கலாம்டி.” அம்மா அதைத் தினமும் இரண்டு வருஷம் போட்டிருக்கிறார், எங்களுக்கே தெரியாமல். ஏற்கெனவே பிரஷர், சுகர் மாத்திரையும் உண்டு.

கால் வீங்கித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிரியாட்டினின் 2.1. ரத்தத்தில் அது கூடினால் கிட்னி தடுமாறுகிறது என்று அர்த்தமாம். டாக்டர் அந்த டப்பாவை வாங்கிப் பார்த்தார். டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை. திட்டவில்லை. “அம்மா, முட்டிக்குச் சாப்பிட்டது கிட்னியில போய் நிக்குது” என்றார். அதை நிறுத்தியதும் மூன்று மாதத்தில் 1.5க்கு இறங்கியது. முழுசாகத் திரும்பவில்லை.

முட்டிக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண் ஒரு துண்டைச் சுருட்டி அம்மாவின் முட்டிக்கு அடியில் வைத்து, “இதை நசுக்குங்கம்மா, அஞ்சு எண்ணுற வரைக்கும்” என்றாள். அவ்வளவுதான். பத்து தடவை, காலையும் மாலையும். அம்மாவுக்குச் சிரிப்பு. “துண்டை நசுக்கினா வலி போயிடுமா?” தொடைச் சதை பலமானால் முட்டி மேல் விழுகிற பாரத்தை அது வாங்கிக்கொள்ளுமாம். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறையும் என்றும் சொன்னாள். அம்மா மூன்று கிலோ குறைத்தார். தேய்ந்தது வளரவில்லை, வலியும் முழுக்கப் போகவில்லை. ஆனால் ரேஷன் கடைக்கு அவரே போய் வருகிறார்.

மருந்துக்கடை மாமா:

தங்கச்சி, ஒரு கொசுறு. பாறு கழுகு கேள்விப்பட்டிருப்பீர்கள், நம் நீலகிரி மாயாறு பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே, அது. மாட்டுக்கு டைக்ளோஃபினாக் ஊசி போட்டு, அந்த மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் பழுதாகி இந்தியா முழுக்கக் கொத்துக் கொத்தாகச் செத்தன. 2006இல் மாட்டுக்குப் போடத் தடை வந்தது. மனுஷன் கழுகு இல்லை, நமக்குத் தாங்கும் சக்தி அதிகம், நல்ல உடம்புள்ளவர் நாலு நாள் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வயசான, பிரஷர் உள்ளவர் வந்து “தினமும் வேணும்” என்றால் எனக்கு அந்தக் கழுகு ஞாபகம்தான் வரும்.

லோடு வண்டி:

எனக்கு இடுப்பு. சிமென்ட் மூட்டை இறக்கும்போது பிடித்தது, நிமிர முடியவில்லை. ஸ்கேன் எடுத்தோம். “டிஸ்க் தள்ளியிருக்கு” என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரி போதும், வீடே துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. மாமியார், மச்சினன் எல்லோரும் “அசையாம படு” என்றார்கள். 16 நாள் பலகையில் படுத்தேன். எழுந்தபோது வலி முன்னைவிட மோசம், கால் வேறு நடுங்கியது.

அடுத்து பார்த்த எலும்பு டாக்டர் ஸ்கேனைவிட என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார். கட்டை விரலை மேலே தூக்கச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார். அப்புறம் சொன்னார்: “வலியே இல்லாத 20 வயசுப் பசங்களை ஸ்கேன் எடுத்தாலும் நூத்துக்கு முப்பது பேருக்கு டிஸ்க் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். நீங்க எழுந்து நடங்க.” பயமாகத்தான் இருந்தது. முதல் நாள் தெருமுனை வரை, மறுநாள் டீக்கடை வரை. ஐந்து வாரத்தில் வண்டி எடுத்தேன்.

ஒன்றை மட்டும் அவர் எழுதியே கொடுத்தார், இன்னும் பர்ஸில் இருக்கிறது. ஒண்ணுக்கு வராமல் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, கால் பலமிழந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி, ராத்திரி என்றாலும்.

ஆறாம் வகுப்பு டீச்சர்:

தலைவலி என் சொத்து. கல்லூரி நாளிலிருந்தே ஒற்றைத் தலைவலி. ஸ்கூலில் சேர்ந்த பிறகு பையில் எப்போதும் மாத்திரை. காலையில் எழுந்ததுமே வலிக்கும், ஒன்று போடுவேன். சாயங்காலம் இன்னொன்று.

நரம்பு டாக்டர் மருந்தே எழுதவில்லை. “வீட்ல மாசக் காலண்டர் இருக்கா? மாத்திரை போடற நாள்ல எல்லாம் ஒரு கோடு போடுங்க, அடுத்த மாசம் வாங்க” என்றார். ராகு காலத்துக்குப் பக்கத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு போனேன். 30 நாளில் 24 கோடு. மாதத்தில் 15 நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் வலி மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். கலவை மாத்திரை என்றால் 10 நாளே போதும். நம்பவில்லை. நிறுத்திய முதல் பத்து நாள் நரகம், ஒன்றும் அழகாகச் சொல்வதற்கில்லை. பிள்ளைகள் நாற்காலி இழுத்தால் அழுகை வரும். தடுப்பு மருந்து என்று தனியாக ஒன்று தினமும் கொடுத்தார். இப்போது மாதம் நான்கு கோடு.

பெயர் வேண்டாம்:

சின்னதுதான். என் சித்தப்பா நெஞ்சு அடைக்கிறது என்று சோடா குடித்தார், ஓமத் தண்ணி குடித்தார், இஞ்சி மொரப்பா தின்றார். “வாயுடா, ஏப்பம் வந்தா சரியாயிடும்.” வேர்த்துக் கொட்டியது, தாடை வரை வலித்தது. மூன்று மணி நேரம் கழித்துத்தான் 108ஐக் கூப்பிட்டோம். அவர் இல்லை இப்போது. மற்ற வலிகளுக்கு யோசியுங்கள், இதற்கு யோசிக்காதீர்கள்.

மானாமதுரைக்காரன்:

அப்பாவுக்கு வலது பக்க விலாவில் எரிச்சல். முதலில் சட்டைத் துணி, அப்புறம் கொசுக்கடி, அப்புறம் ஈசிஜி என்று சுற்றினோம். மூன்றாம் நாள் கொப்புளம் வந்ததும் அத்தை பார்த்த உடனே சொல்லிவிட்டார்: “அக்கிடா.” எங்கள் ஊரில் அக்கி எழுதுவதற்குக் கேட்கவா வேண்டும். வேளார் வீட்டுப் பெரியவர் காவியைக் குழைத்து அப்பாவின் விலாவில் நாய் உருவம் எழுதினார். குளிர்ச்சியாக இருந்தது, அப்பாவும் தூங்கினார். நான் கேலி செய்ய வரவில்லை. அந்தப் பெரியவரே இரண்டாம் நாள், “காய்ச்சல் இருக்கு, டாக்டர்கிட்டயும் காட்டிருங்க” என்றார்.

நாங்கள் போனது ஆறாம் நாள். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்புக்குள் படுத்திருந்து பல வருஷம் கழித்து எழுவதுதான் அக்கி என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். அதற்கு மாத்திரை இருக்கிறது, கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். “அக்கி சுத்திக்கிட்டா உயிர் போயிடும்னு சொல்றாங்களே” என்று அத்தை கேட்டார். ஒரு நரம்பு போகிற பாதையில் வருவது, அதனால் பெரும்பாலும் உடம்பில் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும் என்றார் டாக்டர்.

கொப்புளம் காய்ந்து மூன்று மாதம் ஆகியும் வலி போகவில்லை. தோல் பார்க்கச் சுத்தமாக இருக்கும், பனியன் பட்டால் துடிப்பார். வீட்டில் சிலர் “நடிக்கிறார்” என்றே சொன்னார்கள், அதுதான் அப்பாவை அதிகம் உடைத்தது. எந்த வலி மாத்திரைக்கும் அந்த வலி கேட்கவில்லை. கேட்காதாம், ஏனென்றால் இது காயத்தின் வலி இல்லை, நரம்பின் வலி. ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். என் தம்பி போனில் தேடிப் பார்த்துவிட்டு, “அப்பாவுக்கு மனநோய் மாத்திரை குடுத்திருக்காங்க” என்று சண்டைக்கே போய்விட்டான். அதே மருந்தைக் குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் கொடுப்பார்கள் என்று புரியவைக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் அப்பா தூங்கவில்லை. மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் வாரம் பனியன் போட்டார்.

மருந்துக்கடை மாமா:

மானாமதுரைத் தம்பி, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் ஒருவர் வந்தார், ஐம்பத்தைந்து வயது இருக்கும். அதே வாக்கியம். “எங்கண்ணே வலி?” என்றேன். “எங்க வலிச்சா உனக்கென்ன, குடுப்பா.” விடவில்லை. சட்டையைத் தூக்கினார். இடது விலாவில் வரிசையாகச் சின்னச் சின்னக் கொப்புளம். எப்போது வந்தது என்றால், “முந்தாநாள் ராத்திரி.”

கடைப் பையனை அனுப்பி எதிரே இருக்கும் அரசு ஆஸ்பத்திரி வரை அவரோடு போகச் சொன்னேன். படி இறங்கும்போது பையனிடம் சொல்லிக்கொண்டே போனார்: “மாத்திரை கேட்டா ஆள் அனுப்புறான், இவன் என்ன மருந்துக்கடை வச்சிருக்கான்?”