மறுமொழி: ‘ஸ்ட்ரெய்ன்’ – கால்வழி எனலாமா?

ஐயா, வணக்கம். ஆய்வக எலிகளைப் பற்றி எழுதும்போது வரும் ‘ஸ்ட்ரெய்ன்’ (strain) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> ‘இனம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கோபன்ஹேகன் எலி, விஸ்டார்-ஃபர்த் எலி இரண்டும் ஒரே இனம், ராட்டஸ் நார்வெஜிகஸ். இளம் பெண் எலிகளுக்கு டி.எம்.பி.ஏ. என்ற வேதிப்பொருளைக் கொடுத்தால் விஸ்டார்-ஃபர்த்துக்கு மார்பகப் புற்று எளிதில் வருகிறது. கோபன்ஹேகனுக்கு அநேகமாக வருவதே இல்லை. இரண்டையும் இணைத்துப் பிறக்கும் முதல் தலைமுறைக் குட்டிகளிலும் அந்த எதிர்ப்புத் திறனே ஓங்கி நிற்கிறது. ‘இரண்டு இனங்கள்’ என்று எழுதினால், ஆடு வேறு மாடு வேறு, இதில் என்ன அதிசயம் என்று வாசகர் போய்விடுவார். ஒரே இனத்துக்குள் இவ்வளவு வேறுபாடு என்பதல்லவா செய்தி!

‘ஸ்ட்ரெய்ன்’ என்பதற்குத் ‘திரிபு’ எனலாமா என்றால், அது கொரோனா காலத்தில் நாளிதழ்கள் பழக்கிய சொல். பள்ளி இயற்பியலில் தகைவுக்குப் (ஸ்ட்ரெஸ்) பக்கத்தில் இருப்பதும் அதுதான். கிருமிக்குச் சரி, அது மாறி வந்தது. எலியில் கதை நேர்மாறு. உடன்பிறந்த ஆணையும் பெண்ணையும் 20 தலைமுறைக்குக் குறையாமல் இணைசேர்த்து, மாறாமல் காத்த வழி இது.

இங்கே பெங்களூரில் எங்கள் ஆய்வகத்து விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கிருஷ்ணகிரிக்காரர். போன வாரம் ஒரு குட்டியை வேறு கூண்டில் விடப் போனேன். சட்டென்று தடுத்து, “அது வேற வம்சம் சார், அட்டையைப் பாருங்க” என்றார். எனக்கு வேண்டிய பொருள் முழுதும் அந்தச் சொல்லில் இருந்தது. வம்சத்துக்குத் தமிழில் கால்வழி உண்டு. கொடிவழியையும் யோசித்தேன். கொடி கிளைவிட்டுப் படரும், இது ஒற்றைத் தடம்.

அப்புறம் ஒரு சிக்கல். 1961இல் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 20 மில்லிகிராம் டி.எம்.பி.ஏ.வை நல்லெண்ணெயில் கரைத்து, 50 நாள் வயதுப் பெண் எலிகளுக்கு ஒரே வேளை புகட்டியது. பால்சுரப்பியின் நுனி மொட்டுகளில் செல்கள் விறுவிறுவென்று பெருகும் வயது அது. அதனால்தான் இளம் எலி. அவை ஸ்ப்ரேக்-டாலி எலிகள், வெளிக்கலப்பில், அதாவது நெருங்கிய உறவில்லாத எலிகளை இணைசேர்த்து வளர்ப்பவை. அவற்றைக் கால்வழி என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ‘மந்தை’ எனலாமா? ஆட்டுக்கு வழங்கும் சொல் எலிக்கு ஒட்டுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.