என்.எஸ்.பி. (நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்) விண்ணப்பம் 5 வாரமா காலேஜ் மட்டத்துலயே நிக்குது (வீடு செங்கோட்டை, காலேஜ் கொல்லம் மாவட்டம்)

புளியரைத் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி தமிழ்நாடு ஸ்டேட் போர்டுல பிளஸ் டூ முடிச்சு, இப்ப கொல்லம் மாவட்டத்துல ஒரு சுயநிதி காலேஜ்ல பி.எஸ்சி. முதல் வருஷம். மத்திய அரசோட சென்ட்ரல் செக்டர் ஸ்காலர்ஷிப்புக்கு (வருஷம் 12,000 ரூபாய்) என்.எஸ்.பி.-ல போட்டாச்சு. ஃபைனல் சப்மிட்டும் ஆச்சு. 5 வாரமா "காலேஜ் சரிபார்ப்புக்குக் காத்திருக்கு"ன்னே காட்டுது. காலேஜ் ஆபீஸ்ல கேட்டா "எங்க லாகின்ல உங்க பேரே இல்ல"ங்காங்க.

இதோட இன்னும் நாலு குழப்பம்:

ஆதார்ல பேருக்குப் பின்னாடி இனிஷியல், மார்க் ஷீட்ல முன்னாடி. இதனால நிக்குதா?

காலேஜ் கிளார்க் கேரளா வில்லேஜ் ஆபீசர் குடுத்த வருமானச் சான்று வேணும்னு சொல்லுதார். எங்ககிட்ட இருக்கிறது செங்கோட்டை தாலுகா ஆபீஸ் சான்று.

அக்ஷயா சென்டர்ல (கேரளத்து இ-சேவை மையம்) ஒருத்தர் "இ-கிராண்ட்ஸ்லயும் (கேரள அரசோட ஸ்காலர்ஷிப் தளம்) போட்டுப் பாருங்க"ன்னார். போடலாமா?

ரெண்டாவது தவணை ஃபீஸுக்கு இன்னும் 20 நாள்தான். லோன் கேட்டா புனலூர் கிளையில "சொந்த ஊர்ல கேளுங்க", செங்கோட்டை கிளையில "காலேஜ் பக்கத்துல கேளுங்க". எதை முதல்ல பிடிக்கணும்னு சொல்லுங்க.

தென்மலை டெஸ்க்:

தம்பி, "லாகின்ல பேரே இல்ல"ன்னு சொன்னது நல்ல துப்பு. விண்ணப்பம் வேற காலேஜுக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். சப்மிட் பண்ணின விண்ணப்பத்தோட பிரிண்டை எடுங்க. அதுல காலேஜ் பேருக்குப் பக்கத்துல ஐஷே கோடு (ஒவ்வொரு காலேஜுக்கும் உள்ள அடையாள எண்) இருக்கும்: 'சி' எழுத்து, ஒரு சின்ன இடைக்கோடு (-), அப்புறம் எண்கள். பேரைப் பாக்காதீங்க, அந்த எண்ணை மட்டும் பாருங்க. காலேஜ் ஆபீஸ்ல "நம்ம ஐஷே கோடு என்ன"ன்னு கேட்டு ஒவ்வொரு இலக்கமா ஒத்துப் பாருங்க. கேரளத்துல ஒரே புனிதர் பேர்ல, ஒரே குரு பேர்ல ஏகப்பட்ட காலேஜ். காலேஜைத் தேர்ந்தெடுக்கிற பட்டியல்ல மாவட்டத்தை மாத்தி எடுத்தா அடுத்த ஊர் காலேஜ் வந்து உக்காந்துக்கும்.

கோடு சரியா இருந்தா ரெண்டு காரணம் பாக்கணும். ஒண்ணு, காலேஜ் நோடல் ஆபீசர் (காலேஜ்ல என்.எஸ்.பி. விண்ணப்பத்தைச் சரிபார்க்கிறவர்) மாறிப் போயிருப்பார். புது ஆளோட விவரம் ஏறி, அவருக்கும் காலேஜ் தலைவருக்கும் ஆதார் பயோமெட்ரிக் முடியுற வரைக்கும் அந்த லாகின் வேலைக்கு ஆகாது. இன்னொண்ணு, கிளார்க் போன வருஷத்து லிஸ்ட்டையோ ரினியூவல் லிஸ்ட்டையோ திறந்து வச்சுப் பாத்திருப்பார். புதுசும் ரினியூவலும் தனித்தனி.

புளியரைத் தம்பி:

அண்ணாச்சி, நீங்க சொன்னதேதான். கடைசி ரெண்டு இலக்கம் வேற. அது எர்ணாகுளம் மாவட்டத்துல அதே பேர்ல உள்ள காலேஜ். வித்ட்ரா பண்ணிட்டுப் புதுசாப் போடட்டுமா?

ஆரியங்காவு அக்ஷயா:

ஆமா, வித்ட்ரா பண்ணிட்டுப் புதுசாப் போடுங்க. அதுதான் சுலபம்.

தென்மலை டெஸ்க்:

அவசரப்படாதீங்க. புது விண்ணப்பத்துக்குக் கடைசி தேதி இன்னும் இருந்தா மட்டும்தான் அந்த வழி. தேதி முடிஞ்சப்புறம் வித்ட்ரா பண்ணினா கையில இருக்கிறதும் போயிரும். என்.எஸ்.பி. முதல் பக்கத்துலயே திட்டத்துக்குத் திட்டம் தேதி தனித்தனியா போட்டிருக்கும்: மாணவர் விண்ணப்பிக்க, குறை திருத்த, காலேஜ் சரிபார்க்க. எந்தத் தேதி ஓடிக்கிட்டு இருக்குன்னு பாத்துட்டுத் தொடுங்க.

விண்ணப்பத் தேதி முடிஞ்சு, சரிபார்ப்புத் தேதி இன்னும் இருந்தா, அந்த எர்ணாகுளம் காலேஜ் நோடல் ஆபீசரைப் பிடிக்கணும். தளத்துலயே நோடல் ஆபீசரைத் தேடுற வசதி இருக்கு. போன்ல பேசுங்க, கையோட ஒரு மெயிலும் போடுங்க. அதுல விண்ணப்ப எண், மாணவி பேர், "தவறுதலாக உங்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், டிஃபெக்ட் போட்டுத் திருப்பி அனுப்பவும்"னு ஒரு வரி, இவ்வளவு போதும். இங்க ஒரு கண்டம் இருக்கு. அவங்க திரையில டிஃபெக்ட், ரிஜெக்ட் ரெண்டும் இருக்கும். டிஃபெக்ட் போட்டா விண்ணப்பம் திறந்து உங்ககிட்டயே திரும்பி வரும். ரிஜெக்ட் போட்டா அதோட சரி. "இவ நம்ம பிள்ளை இல்லையே"ன்னு நல்லெண்ணத்துலயே ரிஜெக்ட்டை அமுக்கிருவாங்க. அதனால மெயில்ல "ரிஜெக்ட் வேண்டாம்"னு தனி வரியா எழுதுங்க.

திரும்பி வந்ததும் காலேஜ் கோடை மாத்தி ஃபைனல் சப்மிட் மறுபடி குடுக்கணும். திருத்திட்டு சேவ் மட்டும் பண்ணிட்டு, எல்லாம் முடிஞ்சதுன்னு காத்துக்கிட்டு இருக்கிறவங்கதான் ஜாஸ்தி. சேவ் பண்ணினது யார் லாகினுக்கும் போகாது. சப்மிட் ஆனப்புறம் புது பிரிண்ட், மார்க் ஷீட், வருமானச் சான்று நகல் எல்லாத்தையும் காலேஜ் ஆபீஸ்ல நேர்ல குடுத்து, உங்க நகல்ல தேதியோட சீல் வாங்குங்க. அந்தச் சீல் இருந்தா அடுத்த தடவை "நீங்க குடுக்கவே இல்ல"ன்னு யாரும் சொல்ல முடியாது.

இனிஷியல் முன்ன பின்ன இருக்கிறதுக்காக இப்ப ஆதாரைத் திருத்தப் போகாதீங்க. ஆதார்ல பேரை ஆயுசுக்கும் ரெண்டு தடவைதான் மாத்தலாம். ஓ.டி.ஆர். (என்.எஸ்.பி.-ல ஒரே தடவை பண்ற பதிவு) எடுக்கும்போது பேர் ஆதார்லேர்ந்து வருது, மார்க் ஷீட் பேரைக் காலேஜ் கண்ணால பாத்து ஒப்பிடுது. எழுத்தே மாறியிருந்தா, லட்சுமி ஒண்ணுல 'எக்ஸ்', ஒண்ணுல 'கே எஸ் எச்'னு இருந்தா, நோட்டரிகிட்ட "ரெண்டும் ஒரே ஆள்"னு ஒரு அஃபிடவிட் போட்டு இணைச்சிருங்க. பிறந்த தேதி மாறியிருந்தாதான் உண்மையான தலைவலி.

மேக்கரை:

வருமானச் சான்றுக்கு நான் சொல்றேன். குடும்பம் எங்க குடியிருக்கோ அங்கத்த வருவாய்த்துறைதான் குடுக்க முடியும். செங்கோட்டைக் குடும்பத்துக்குக் கேரள வில்லேஜ் ஆபீசர் எப்படி எழுதுவார்? இ-சேவையில வாங்கின சான்றுல டிஜிட்டல் கையெழுத்து இருக்கு, ஆன்லைன்ல சரிபார்த்துக்கலாம். அதைக் கிளார்க் முன்னாடியே திறந்து காட்டுங்க. அங்க வில்லேஜ் ஆபீசரே குடுக்கிறதால, தாசில்தார் பேரைப் பாத்ததும் அவங்களுக்குச் சந்தேகம் வரும். அவ்வளவுதான் விஷயம். சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், தேதியைப் பாத்துக்குங்க. இந்தத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருக்கணும்.

இன்னொண்ணு, 80 சதவீதம் மார்க் எடுத்தா கிடைச்சிரும்னு நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க. விதி 80-வது பர்சென்டைல். அதாவது அந்த போர்டுல அந்த வருஷம் அதே பிரிவுல பாஸானவங்கள்ல மேல உள்ள 20 சதவீதத்துக்குள்ள வரணும். தங்கச்சி படிச்சது தமிழ்நாடு போர்டு, அதனால தமிழ்நாடு போர்டோட கட்-ஆஃப்தான். கேரளத்துல படிக்கிறதால அது மாறாது. நாடு முழுக்க வருஷத்துக்குப் புதுசா 82,000 இடம். 18-லேர்ந்து 25 வயசு வரை உள்ள ஜனத்தொகையை வச்சு மாநிலங்களுக்குப் பிரிச்சு, அதுக்குள்ள அறிவியல், வணிகம், கலை 3:2:1, பாதி பொம்பளைப் பிள்ளைகளுக்கு. கட்-ஆஃபைத் தாண்டினாலும் அந்த எண்ணிக்கைக்குள்ள வரணும். இதைத் தெரிஞ்சுக்கிட்டு ஃபீஸுக்குத் திட்டம் போடுங்க.

கொட்டாரக்கரை கவுண்டர்:

பணம் எந்தக் கணக்குக்கு வரும்னு யாரும் இன்னும் தொடல. இதுலதான் பாதிப் பேர் விழுவாங்க. இப்பல்லாம் பணம் கணக்கு எண்ணை வச்சு வராது, ஆதாரை வச்சு வரும். என்.பி.சி.ஐ. மேப்பர்ல (எந்த ஆதாருக்கு எந்த பேங்க்னு வச்சிருக்கிற பட்டியல்) அந்த ஆதாருக்கு நேர எந்த பேங்க் பேர் இருக்கோ அங்க போய் விழும். கடைசியா எந்த பேங்க் சீடிங் பண்ணிச்சோ (அந்தப் பட்டியல்ல தன் பேரை ஏத்திச்சோ) அதுதான் மேப்பர்ல நிக்கும்.

பாஸ்புக் கணக்கோட ஆதாரை "லிங்க்" பண்ணியாச்சுன்னு கிளையில சொல்லுவாங்க. கே.ஒய்.சி.-க்கு (பேங்க் நம்ம அடையாளத்தைச் சரிபார்க்கிறதுக்கு) லிங்க் பண்றது வேற, மேப்பர்ல சீடிங் பண்றது வேற. சீடிங்குக்குத் தனி ஒப்புதல் படிவம் உண்டு, அதுல கையெழுத்துப் போட்டாத்தான் நடக்கும்.

பாக்கிற வழி: மை ஆதார் தளத்துல ஓ.டி.பி. போட்டு உள்ள போய் "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" அமுக்குங்க. பேங்க் பேர், ஆக்டிவா இல்லையா, கடைசியா மாத்தின தேதி வரும். முழுக் கணக்கு எண் வராது. சிம் வாங்கும்போது கைரேகை வச்சப்பவே ஒரு பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு திறந்திருக்கும், பிள்ளைக்கே தெரியாது. தெரியாத பேங்க் பேர் வந்தா பயப்படாதீங்க. வேணும்கிற பேங்க்ல புது ஒப்புதல் படிவம் குடுத்தா மேப்பர்ல அது ஏறி, பழசு விலகிரும். சில நாள் கழிச்சு மறுபடி பாத்து உறுதி பண்ணிக்குங்க.

கணக்கு மாணவி பேர்லயே இருக்கணும். முழு கே.ஒய்.சி. இல்லாத சின்னக் கணக்கா இருந்தா இருப்பு 50,000, வருஷ வரவு 1 லட்சம்னு வரம்பு உண்டு. லோன் பணமும் அதே கணக்குல புழங்கப் போகுதுன்னா இடிக்கும்.

புளியரைத் தம்பி:

பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியே ஏதோ ஒரு பேமென்ட்ஸ் பேங்க் பேர்தான் வருது! நாளைக்குப் படிவம் குடுக்கேன். லோன் விஷயம் யாராவது சொல்லுங்க.

கொட்டாரக்கரை கவுண்டர்:

ரெண்டு கிளையும் சொன்னது தப்பு. வீடு எங்க கிளையோட சேவைப் பகுதிக்குள்ள இல்லன்னு சொல்லிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2012-லயே சொல்லிருச்சு. ஆனா அதைக் கவுண்டர்ல சண்டையாப் பேசாதீங்க. வாயால கேட்டா வாயாலயே மறுப்பாங்க. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி தளத்துல விண்ணப்பம் போட்டு எண் வாங்குங்க. எண் விழுந்துட்டா அப்புறம் அந்த விண்ணப்பத்துக்கு அவங்க எழுத்துல பதில் சொல்லியாகணும். நிராகரிக்கணும்னா மேலதிகாரி சம்மதம் வேணும்னு பேங்க்குகளோட மாதிரித் திட்டத்துலயே இருக்கு. எந்தக் கிளைன்னு கேட்டா, அப்பாவோட கணக்கு ஓடுற செங்கோட்டைக் கிளைதான் என் தேர்வு. கடன்ல அப்பாவும் கூட்டுக் கடனாளி, அவர் கையெழுத்துக்காகப் புனலூருக்கு அலைய வேண்டாம்.

7.5 லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேட்கக் கூடாது. 4 லட்சம் வரைக்கும் மார்ஜினும் (நம்ம கையிலேர்ந்து போடவேண்டிய பங்கு) கிடையாது. காகிதம்: சேர்க்கைக் கடிதம், லெட்டர்ஹெட்ல வருஷவாரியா ஃபீஸ் விவரம், 10, பிளஸ் டூ மார்க் ஷீட், ரெண்டு பேரோட பான், ஆதார், வருமானச் சான்று. ஃபீஸ் விவரத்துல ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் தனி வரியா இருக்கட்டும். மொத்தமா ஒரே தொகை போட்டுக் குடுத்தா கிளையில திருப்பி அனுப்பிருவாங்க, ஒரு வாரம் போயிரும். பதிலே இல்லன்னா பேங்குக்கு எழுத்துல புகார். அப்பவும் 30 நாள் தாண்டினா ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்).

20 நாளைக்குள்ள லோன் வரும்னு நம்பாதீங்க. இன்னைக்கே பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம்: லோன் விண்ணப்ப எண், தேதி, எவ்வளவு கட்ட முடியும், மீதிக்கு எந்தத் தேதி. ஃபீஸ்ல ஒரு பகுதியையாவது கட்டி ரசீதோட கடிதம் குடுத்தா மறுக்கிறது கஷ்டம். ஸ்காலர்ஷிப் வந்ததும் கட்டுறேன்னு மட்டும் எழுதாதீங்க, அந்தப் பணத்துக்குத் தேதி கிடையாது.

பி.எம். வித்யாலட்சுமின்னு 2024 நவம்பர்ல வந்த திட்டம் தேர்ந்தெடுத்த தரமான நிறுவனங்களுக்கு மட்டும். ஆரம்பப் பட்டியல்ல 860 இருந்துச்சு. உங்க காலேஜ் இருக்கான்னு பாத்துக்குங்க. அதுல 3 சதவீத வட்டிச் சலுகை, வேற அரசு ஸ்காலர்ஷிப்போ வட்டிச் சலுகையோ கிடைக்கிறவங்களுக்குக் கிடையாது. ரெண்டையும் கணக்குல சேக்காதீங்க.

தேவிகுளம்:

இ-கிராண்ட்ஸ் கேரளத்துக்காரங்களுக்கு. தமிழ்நாட்டு ஜாதிச் சான்றை வச்சு அங்க வாங்க முடியாது, ரெண்டு மாநிலத்துலயும் ஒரே ஜாதிப் பேர் இருந்தாலும் சரி. எஸ்.சி. போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பைக் குடும்பம் நிரந்தரமா எந்த மாநிலமோ அதுதான் குடுக்கும், பிள்ளை எங்க படிச்சாலும். வருமான வரம்பு 2.5 லட்சம். அந்தப் பிரிவா இருந்தா தென்காசி ஆதிதிராவிடர் நல அலுவலகத்துல "வெளிமாநிலத்துல படிக்கிறவங்களுக்கு என்ன வழி"ன்னு நேர்ல கேளுங்க.

எங்க பக்கம் எஸ்டேட் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதுலதான் சிக்கல். எஸ்.சி. பட்டியல் வந்த 10.8.1950-க்கு முன்னாடியே குடும்பம் கேரளத்துல இருந்ததுக்கு ஆதாரம் கேட்பாங்க. பழைய எஸ்டேட் பதிவேடு, தாத்தாவோட ஸ்கூல் அட்மிஷன் பதிவு கிடைச்சா பத்திரமா வச்சுக்குங்க. செங்கோட்டைக்கு இன்னொரு கூத்து: 1956 வரைக்கும் அது திருவிதாங்கூர்-கொச்சி. அதனாலதான் தமிழ்நாட்டு ஜாதிப் பட்டியல்ல சில பேருக்குப் பக்கத்துல இன்னும் "கன்னியாகுமரி மாவட்டம் மற்றும் செங்கோட்டை தாலுகா"ன்னு அடைப்புக்குறி நிக்குது. சான்றுல உள்ள பேரை அந்த வரியோட ஒத்துப் பாத்துட்டு விண்ணப்பத்துல ஏத்துங்க.

புளியரைத் தம்பி:

எர்ணாகுளம் காலேஜ்ல டிஃபெக்ட் போட்டுட்டாங்க, திருத்திச் சப்மிட்டும் ஆச்சு. இப்ப நம்ம காலேஜ் லாகின்ல பேர் வருது. சீலும் வாங்கியாச்சு. பிரின்சிபால் பாதித் தொகைக்கு ஒத்துக்கிட்டார், மீதிக்கு 45 நாள். சீடிங் இன்னும் மாறல.

கொட்டாரக்கரை கவுண்டர்:

ஒரு வாரம் பாருங்க. மாறலைன்னா படிவ நகலோட கிளைக்குப் போய், மேப்பருக்கு அனுப்பின கோரிக்கை ஏத்துக்கிட்டாங்களா, திரும்பி வந்துச்சான்னு கேளுங்க. திரும்பி வந்திருந்தா காரணம் அவங்க திரையிலயே இருக்கும், அதை எழுதி வாங்கிட்டு வந்து இங்க போடுங்க.

தென்மலை டெஸ்க்:

காலேஜ் சரிபார்ப்புக் கடைசி தேதிக்கு நாலு நாள் முன்னாடி ஸ்டேட்டஸை ஒரு தடவை பாருங்க தம்பி. அடுத்த வருஷ ரினியூவலுக்கு 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் வேணும். யூனிவர்சிட்டி ரிசல்ட் தள்ளிப்போச்சுன்னா, மார்க் லிஸ்ட் வரலைன்னு விட்டுறாம ஆபீஸ்ல முன்கூட்டியே கேட்டு வச்சுக்குங்க.