தினசரி வீட்டு வேலையில் நிறைவு கிடைக்கிறதா?

கேள்வி:
கிராமத்து வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, முற்றம் பெருக்கி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. மறுநாளும் அதேதான். நேற்று மட்டும் பழைய பருத்தித் துணியில் ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டினேன். வெளிச்சம் அதில் வடிந்து தரையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மற்ற வேலைகளில் அந்த நிறைவு ஏன் வருவதில்லை?

பதில்:
எனக்கு அது சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோது வந்தது. ஈரத்தில் மங்கலாகத்தான் இருக்கும், காயக் காய வெளுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல இறுகும். அதனால் கெட்டியாக ஒரே பூச்சில் அப்பக் கூடாது. சுவரை நனைத்துவிட்டு, நீர்க்கக் கரைத்து இரண்டு மூன்று முறை அடியுங்கள். நான் அவசரப்பட்டதில் முதல் சுவர் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அப்புறம் நாளுக்கு ஒரு பூச்சுதான். காலையில் எழுந்ததும் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று போய்ப் பார்ப்பேன். கண்ணில் மட்டும் தெறிக்க விடாதீர்கள்.

இன்னொரு பதில்:
ஒரு முட்டை உருவாகக் கோழிக்கு ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். அதனால் இடும் நேரம் நாளுக்கு நாள் கொஞ்சம் தள்ளிப்போகும். வைக்கோலுக்குள் கைவிட்டு இளஞ்சூடாக ஒன்று தட்டுப்பட்டால் அன்றைக்கு எனக்கு அது போதும்.

கேட்டவர்:
சரி, கூடத்துச் சுவரில் தொடங்குகிறேன். பழைய பெயின்ட்டைச் சுரண்ட வேண்டுமா?

பதில்:
கட்டாயம். பெயின்ட் மேல் சுண்ணாம்பு பிடிக்காது.