ஜீப்பு ஹவுசிங்ல பினியன் நட்டு மூணு நாளா அசையல்ல, வழி சொல்லுங்க

பொன்மனை ஜீப்பு:

எல்லாருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கம் பொன்மனை நம்ம ஊரு. அப்பா 1994-ல வாங்கின டீசல் ஜீப்பு இன்னும் ஓடுது. விளையில இருந்து ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏத்திட்டு வாறது இதுலதான். அப்பா போய் ரெண்டு வருசமாச்சு. வண்டிய விக்க மனசு வரல்ல.

ஆறு மாசமா பின்ஹவுசிங் (பின் ஆக்ஸில் நடுவுல பல்லுச்சக்கரம் இருக்குத பெட்டி) மூக்குல ஆயில் ஒழுகுது. நிறுத்துற இடத்துல எல்லாம் 90 கியர் ஆயில் மணம், தரையில கறுப்பு வட்டம். பினியன் (ஹவுசிங் மூக்குல உள்ள சின்னப் பல்லுச்சக்கரம்) சீல், அதாவது ஆயில் வெளிய வராமத் தடுக்குத வளையம், போயிருக்குன்னு, பின் ஆக்ஸிலுக்குச் சுத்து கொண்டு வாற புரோப்பல்லர் ஷாப்ட எறக்கிட்டேன். அதுவரைக்கும் சுளுவா வந்துச்சு. அதுக்குப் பிறவுதான் அந்தப் பெரிய நட்டு. கோட்டை மாதிரி பல்லு வெட்டின நட்டு, நடுவுல காட்டர் பின் போற வகை. பின்னோட ஒரு பாதி உடைஞ்சு உள்ள நிக்கி. நட்டோட ரெண்டு மூலையில பழைய உளிக்கொத்து. முன்ன ஒரு பட்டறையில இதே சீல் மாத்தக் குடுத்திருந்தோம். ஸ்பேனர் போடாம உளி வச்சு அடிச்சிருக்காங்கன்னு இப்பதான் பாக்கேன். அப்பா இருந்திருந்தா அந்தப் பட்டறை வாசல்ல போய் நின்னுருப்பார்.

செஞ்சது என்னன்னா, மண்ணெண்ணெய் ஊத்தி ஒரு ராத்திரி விட்டேன். மறுநாள் 29 மில்லி பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, அரை இஞ்ச் டாமி கம்பியில ரெண்டடி பைப்பு சொருவி மிதிச்சேன். நட்டு அசையாம பினியன் சேந்து சுத்துது. கை பிரேக் இழுத்துதான் வச்சிருந்தேன். தம்பிய ஏத்தி கால் பிரேக்க மிதிக்கச் சொன்னேன். அப்ப கிரவுன் (பினியன் சுத்துத பெரிய பல்லுச்சக்கரம்) பல்லு உள்ள 'டக்'குன்னு இடிச்சுது, டாமி கழுத்து முறிஞ்சு போச்சு. அதுல இருந்து கை வைக்கப் பயமா இருக்கு.

பக்கத்துல ஒருத்தர் ஹவுசிங்க மொத்தமா எறக்கிக் கொண்டாங்கன்னு சொல்லுதாரு. அவ்வளவு வேணுமா? கேஸ் வச்சு சுட்டா வருமா? இல்ல நட்ட வெட்டிரலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குளச்சல் மீன்வண்டி:

தம்பி, நம்ம வண்டி மீன் லோடு. ஐஸ் உருகி உப்புத்தண்ணி ஆக்ஸில் மேல சொட்டிச் சொட்டி நட்டெல்லாம் பாறையாப் போயிரும். எனக்கும் இதே கதிதான். கேஸ் காட்டித்தான் எடுத்தேன். நட்ட மட்டும் சுட்டுட்டு ஆறுறதுக்குள்ள திருப்பணும். சீல் எப்படியும் மாத்தத்தானே போறீங்க, வெந்தா வேகட்டும். டாமி அரை இஞ்ச் வேண்டாம், முக்கால் இஞ்ச் எடுங்க.

தக்கலை பழைய மெக்கானிக்:

பொன்மனைத் தம்பி, வெப்ராளப்படாத. ஹவுசிங்க எறக்கவும் வேண்டாம், கேஸும் இப்ப வேண்டாம். நான் முப்பத்தஞ்சு வருசம் எஸ்டேட் ஜீப்புகளுக்கு அடியில கிடந்தவன். ஒனக்கு நட்டு தோக்கல்ல, பிடிமானந்தான் தோத்துருக்கு.

முதல்ல கை பிரேக். பழைய ஜீப்புல கை பிரேக் டிரம்மு பின்சக்கரத்துல இல்ல, டிரான்ஸ்பர் கேஸுக்குப் (சுத்த முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிச்சுக் குடுக்குத பெட்டி) பின்னால இருக்கு. ஷாப்ட கழட்டின உடனே அந்தப் பிரேக்குக்கும் பின் ஆக்ஸிலுக்கும் ஒரு தொடர்பும் இல்லாமப் போச்சு. நீ இழுத்து வச்சது வெறும் காத்த. அதுமட்டுமில்ல, சரிவுல நிக்குத வண்டின்னா உருண்டு ஒன் மேல ஏறியிருக்கும். இப்பவே போய் நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வை. வண்டிய ஜாக்கில தூக்காத. ஜீப்பு உயரமான வண்டி, நாலு சக்கரமும் தரையில நிக்கட்டும்.

கால் பிரேக் மிதிச்சதும் தப்பு. நீ குடுக்குற மொத்த பலமும் பினியன் பல்லு வழியா கிரவுனுக்குப் போய், ஆக்ஸில் ஷாப்ட முறுக்கி, அதுக்குப் பிறவு பிரேக்குல நிக்கும். பல்லுகளுக்கு இடையில உள்ள ஆட்டம்தான் நீ கேட்ட 'டக்'கு. பிளாஞ்ச, அதாவது நட்டு பிடிச்சு வச்சிருக்குத, ஷாப்டு வந்து மாட்டுத இரும்ப, நேராப் பிடிச்சா பல்லுக்கு ஒரு கிராம் பாரம் போகாது.

50 மில்லி அகலம், 10 மில்லி கனத்துல பட்டைக்கம்பி நாலடி வாங்கு. பிளாஞ்சுல ஷாப்டோட கிராஸ் (கூட்டல் குறி மாதிரி மூட்டு) உக்காருற காது ரெண்டு இருக்குல்லா? ஒரு காதுல யூ-போல்ட்டுக்கு ரெண்டு ஓட்டை இருக்கும். அந்த அளவுக்குக் கம்பி முனையில ரெண்டு ஓட்டை போட்டு போல்ட்டு முடுக்கு. பாக்ஸ் நட்டுக்குள்ள போறதுக்கு நடுவுல இடம் விட்டிருக்கணும். மறுமுனை டிரைவர் பக்கம் தரையில முட்டி நிக்கணும்.

பக்கம் மாத்தி வச்சா கம்பி மேல எழும்பி கைய அடிச்சிரும், அதனால இத நல்லா மனசுல வாங்கு. வண்டிக்கு முன்பக்கம் தலை வச்சு, பின்பக்கம் பாத்துப் படு. நட்டோட முகம் ஒன் கண்ணுக்கு நேரா இருக்கும். அப்படிப் பாக்கும்போது கடிகாரத்துக்கு எதிரா சுத்தினா கழறும். அந்த நெலையில ஒனக்கு இடதுகைப் பக்கம்தான் வண்டியோட டிரைவர் பக்கம். எதிர்ச்சுத்துல இடதுபக்கம் கீழ எறங்கும், கம்பி தரையில அழுத்தி நின்னுரும். தலைய மாத்தி வச்சுப் படுத்துட்டு, கழட்டுறதா நெனச்சு முடுக்கிட்டே கிடந்த ஆளுகள நான் கண்டிருக்கேன்.

அடுத்தது பாக்ஸ். ஒன் ஹவுசிங் டானா 44ங்குற ஆக்ஸில் வகைன்னா நட்டு 1-1/8 இஞ்ச். மில்லியில 28.6 வரும். 28 போகாது. 29 போகும், ஆனா அரை மில்லிக்குக் கொஞ்சம் குறைவா ஆட்டம் இருக்கும். ஏற்கெனவே உளி தின்ன மூலை, அந்த ஆட்டத்துல வழுக்கி உருண்டையாயிரும். ஆறு மூலை உள்ள 1-1/8 பாக்ஸே வேணும், பன்னெண்டு மூலை வேண்டாம்.

மூணாவது, அந்த உடைஞ்ச பின். அது உள்ள நிக்குத வரைக்கும் நட்டு எப்படித் திரும்பும்? சின்ன பஞ்சு (தட்டி வெளிய தள்ளுத இரும்புக் கம்பி) வச்சுத் தட்டு. வரல்லன்னா 3 மில்லி டிரில்லு போட்டு நைசா எடு. பினியன் மரையில டிரில்லு படக்கூடாது.

இவ்வளவும் செஞ்ச பிறவு முக்கால் இஞ்ச் டாமியில அஞ்சடி பைப்பு. பைப்பும் டிரைவர் பக்கமே வெளிய வரணும், பட்டைக்கம்பிக்கு மேல. முடுக்கும்போது இந்த நட்டுக்குக் குடுக்குறது 270-ல இருந்து 300 நியூட்டன் மீட்டர். துருப்பிடிச்சா அதுல ரெண்டு மூணு மடங்கு கேக்கும். எழுபது கிலோ ஆளு ஒன்றரை மீட்டர் முனையில பாரம் குடுத்தா ஆயிரத்துக்கு மேல வரும். அதனால பைப்பு மேல சாடாத. நின்னு, பைய, ஒடம்பு பாரத்தை இறக்கு.

சூடு கடைசி வழி. குளச்சல்காரர் சொன்னதுல தப்பில்ல, ஆனா பிளாஞ்சுக்குப் பின்னாடியே பேரிங் இருக்கு. நட்டுல நீலம் பாஞ்சா சூடு முந்நூறு டிகிரியத் தொட்டுட்டுன்னு அர்த்தம், அந்த அளவுக்குப் போகக்கூடாது. ஹவுசிங் ஆயில வடிச்சு, சுத்திலும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமத் தொடச்ச பிறவுதான் தீ. அதுக்கும் வரல்லன்னா நட்டோட ஒரு முகத்துல மரைக்கு ஒட்டினாப்புல ரெண்டு ஓட்டை போட்டு உளியால பிளந்திரலாம். நட்டு போனா நட்டு வாங்கலாம். பினியன் மரை போனா கிரவுனும் பினியனும் ஜோடியா மாத்தணும்.

பொன்மனை ஜீப்பு:

அண்ணாச்சி, கை பிரேக் விசயம் எனக்குத் தெரியவே செய்யாது. வாசிச்ச உடனே ஓடிப்போய் கட்டை வச்சேன். தம்பிய வேற உள்ள ஏத்தி உக்கார வச்சிருந்தேன், நெனச்சாலே நெஞ்சு படபடக்கு. பட்டைக்கம்பி இன்னைக்கு வாங்கிட்டேன். 1-1/8 பாக்ஸ் குலசேகரத்துல கிடைக்கல்ல, மார்த்தாண்டத்துல ஒரு லாரிப் பட்டறையில நாளைக்கு எரவல் தாறேன்னு சொல்லியிருக்காங்க.

அருமநல்லூர் டிரைவர்:

ஒரு விசயம் சேத்துக்கிடுங்க. ஜீப்புல பேரிங் இறுக்கத்துக்கு ஷிம்முங்குற மெல்லிய தகடுதான், அதனால நட்ட கழட்டி அதே அளவுக்கு முடுக்கலாம். புது வண்டிகள் நெறைய ஷிம்முக்குப் பதிலா நசுங்குற குழல் வச்சு வருது. அதுல நட்ட இஷ்டத்துக்கு முடுக்கினா குழல் கூடுதலா நசுங்கி பேரிங் சூடாயிரும். அந்த வண்டிக்காரங்க நட்டுலயும் பினியன் முனையிலயும் பிளாஞ்சுலயும் புள்ளி குத்தி, வெளிய தெரியுத மரைய எண்ணி வச்சிட்டுக் கழட்டுங்க.

தக்கலை பழைய மெக்கானிக்:

அருமநல்லூர்காரர் சொன்னது கொள்ளாம். தம்பி, இன்னொண்ணு மறந்துட்டேன். சீல் ஏன் போச்சுன்னு பாத்தியா? ஹவுசிங் மேல சின்னதா ஒரு மூச்சுக்குழல் இருக்கும். அது அடைஞ்சா, ஓடிச் சூடாகும்போது உள்ள உள்ள காத்து வெளிய போக வழியில்லாம சீலத் தள்ளிட்டு ஆயிலோட வரும். எத்தனை சீல் மாத்தினாலும் ஒழுகும். அதக் கழட்டி ஊதிப் பாரு. பிளாஞ்சுல சீல் உரசுத இடத்துல நகம் ஓட்டிப் பாரு, பள்ளம் விழுந்திருந்தா புது சீல் அதே வரியில உக்காரக்கூடாது.

பொன்மனை ஜீப்பு:

நட்டு வந்துட்டு!

காலையில பின்னோட மிச்சத்தை எடுக்கவே ஒரு மணி நேரம் ஆச்சு. பஞ்சுக்கு அசையல்ல, டிரில்லுதான். கம்பி முடுக்கி டிரைவர் பக்கம் தரையில ஒரு பலகை மேல முட்டக் குடுத்தேன். பைப்பு முனையில கை வச்சு பைய அழுத்தினேன். முதல்ல பைப்புதான் வளையுத மாதிரி இருந்துச்சு. பிறவு காஞ்ச மரம் கீறுத மாதிரி ஒரு சத்தம், ஒரு இஞ்ச் எறங்கிச்சு. உள்ள பல்லு இடிக்கவே இல்ல. தீ காட்டவும் வேண்டி வரல்ல. மரையில செம்பழுப்புப் பொடி ஒட்டியிருந்துச்சு, கம்பி பிரஷ் போட்டதும் பினியன் மரை பளிச்சுன்னு முழுசா நிக்கி.

மூச்சுக்குழல் சரியா அண்ணாச்சி சொன்ன மாதிரியே இருந்துச்சு. ஊதினா ஒரு பொட்டுக் காத்து போகல்ல. ஊசியால குத்தினா பயறு அளவுக்கு செம்மண் உருண்டை வந்து விழுந்துச்சு. இது விளைமண்ணுதான், ரெண்டு மழையும் பெய்யுத ஊரு, வருசம் முழுக்க சேறு. பிளாஞ்சுல லேசா ஒரு வரி இருக்கு, நகம் தட்டல்ல.

சீலும் புது நட்டும் புதுப் பின்னும் போட்டாச்சு. முடுக்குத பலத்தை அளந்து காட்டுத டார்க் ரெஞ்சு கைவசம் இல்ல. ஒட்டுப்பால் நிறுக்குத ஸ்பிரிங் தராச பைப்புல நட்டு மையத்துல இருந்து ஒரு மீட்டர்ல கட்டி, பைப்புக்கு நேர்குத்தா இழுத்தேன். 28 கிலோ காட்டும்போது நிறுத்தினேன். கணக்கு சரியா? பின் ஓட்டை ஒரு பல்லு பாதி தள்ளி நிக்கி. தளத்தி நேராக்கவா, முடுக்கி நேராக்கவா?

தக்கலை பழைய மெக்கானிக்:

கணக்கு சரி. 28 கிலோ ஒரு மீட்டர்ல சுமார் 275 நியூட்டன் மீட்டர் வரும். தளத்தாத. ஓட்டை நேருக்கு வாறது வரைக்கும் முடுக்கிப் பின்னைப் போட்டு ரெண்டு காலையும் விரிச்சு மடக்கு. ஆயில் ஜிஎல்-5 வகை 90 போதும், நிரப்புத ஓட்டை விளிம்புல வழியுத வரைக்கும் ஊத்து. பேச்சிப்பாறை வரைக்கும் ஒரு தடவை ஓட்டிட்டு வந்து மூக்குல கை வச்சுப் பாரு. கை பொறுக்குத சூடுன்னா பேரிங் நல்லா இருக்கு.

பொன்மனை ஜீப்பு:

போயிட்டு வந்தேன் அண்ணாச்சி. வெதுவெதுன்னு இருக்கு. அடியில காகிதம் விரிச்சு நிறுத்தியிருக்கேன், காலையில பாத்தா ஒரு சொட்டு இல்ல.