விக்கம் செய்தது திருட்டா, இல்லையா?

மலைநாடன்:
1876ல் ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதற்கு 1920ல் சர் பட்டம் வேறு. ஒரு நாட்டின் பிழைப்பையே அள்ளிக்கொண்டு போனவரை இன்றும் முன்னோடி என்று எழுதுகிறார்கள், படித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. திருட்டு என்று சொல்ல என்ன தயக்கம்?

விதைப்பெட்டி:
தயக்கம் இல்லை சகோ, சட்டம்தான் இல்லை. ரப்பர் விதையை வெளியே கொண்டுபோக அப்போது பிரேசிலில் தடையே கிடையாது. அப்புறம், பிரேசிலுக்குக் காபி எப்படி வந்ததாம்? 1727ல் பிரெஞ்சு கயானாவில் இருந்து பல்ஹேட்டா என்ற அதிகாரி கமுக்கமாகக் கொண்டுவந்ததுதானே!

மலைநாடன்:
காபியை இழுக்காதீர்கள். தடை இல்லையென்றால் பெலேம் துறைமுகச் சுங்கத்தில் 'கியூ தோட்டத்துக்கான தாவர மாதிரிகள்' என்று எதற்குப் பூசி மெழுக வேண்டும்?

விதைப்பெட்டி:
அதுவும் அவரே பின்னாளில் ஊதிப் பெரிதாக்கிச் சொன்ன கதைதான்.

பால்வெட்டு:
இரண்டு பேரும் விதையோடு நின்றுவிட்டீர்கள். எண்ணெய்ப்பசை உள்ள விதை, சீக்கிரம் கெட்டுவிடும், கியூவில் ஐந்து சதவீதம்கூட முளைக்கவில்லை. அதில் சுமார் 1,900 கன்றுகள் இலங்கைக்குப் போயின, சிங்கப்பூருக்கு 1877ல் போய்ச் சேர்ந்தது வெறும் 22. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு 1888ல் பொறுப்பேற்ற ரிட்லிதான், மரத்தைக் கோடாலியால் கொத்தாமல், பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவி, அடுத்த முறை அதே வெட்டின் கீழ் விளிம்பில் மறுபடி சீவும் முறையைக் கொண்டுவந்தார். கத்தி உள்ளே மரத்தில் பட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. குலசேகரம் பக்கம் இன்றும் இப்படிச் சீவித்தான் பால் எடுக்கிறார்கள்.

விதைப்பெட்டி:
அதையே சொல்கிறேன். கார் கம்பெனி ஃபோர்டு 1928ல் அமேசானிலேயே ரப்பர் தோட்டம் தொடங்கினாரே, மரங்களை நெருக்கமாக நட்டதும் இலைக்கருகல் நோய் புகுந்து எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டது. விதை மட்டும் இருந்தால் போதுமா?

மலைநாடன்:
அந்த நோய் கூடவே கப்பலேறாதது ஆசியாவின் அதிர்ஷ்டம், அதை விக்கம் கணக்கில் வரவு வைக்காதீர்கள். 1913க்குள் ஆசியத் தோட்ட ரப்பர் பிரேசிலின் காட்டு ரப்பரை முந்திவிட்டது, ரப்பர் பணத்தில் கொழித்த அமேசானின் மனாஸ் நகரம் படுத்தேவிட்டது.

பால்வெட்டு:
படுத்தது ஓபரா அரங்கம் கட்டி ஆடிய முதலாளிகள் ஐயா. காட்டுக்குள் பால் எடுத்தவன் அதற்கு முன்பும் அவர்களிடம் கடனாளிதான். மலாயாவுக்குக் கங்காணி கூட்டிப்போன நம் ஆட்களும் முன்பணக் கடனோடுதான் கப்பலேறினார்கள். திருட்டா என்று கேட்டால் நானும் ஆமாம் கட்சிதான், ஆனால் பறிகொடுத்தவர்கள் பட்டியலில் அந்த முதலாளிகளை முதலில் போடாதீர்கள்.

மலைநாடன்:
சரி, போடவில்லை. அந்த சர் பட்டத்தை மட்டும் விடமாட்டேன்.