எமோஷனல் இண்டெலிஜென்ஸ்: 'உணர்ச்சிக் கட்டுப்பாடு' சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

எமோஷனல் இண்டெலிஜென்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'உணர்ச்சிக் கட்டுப்பாடு' என்று எழுதுவதை விட்டுவிடுவோம். 1990இல் உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் இக்கருத்தை வரையறுத்தார்கள். 1997இல் அதை நான்கு திறன்களாக வகுத்தார்கள்: உணர்ச்சியைக் கண்டுகொள்ளுதல், சிந்தனைக்குத் துணையாக்குதல், அதன் போக்கைப் புரிந்துகொள்ளுதல், கையாளுதல். 'கட்டுப்பாடு' கடைசியை மட்டும் தொடுகிறது, அதையும் தவறாக. முகத்தில் காட்டாமல் அடக்குவதால் உள்ளே இருப்பது தணிவதில்லை. அந்நேரம் கேட்ட பேச்சும் நினைவில் சரியாகத் தங்குவதில்லை. உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன.

செம்பனைத் தோட்டத்துப் பெரட்டையே, அதாவது வேலைக்குமுன் ஆட்களைக் கூட்டிப் பெயர் எடுப்பதையே, எடுத்துக்கொள்ளுங்கள். குலை குறைந்துவிட்டதென்று மண்டோர் (மேற்பார்வையாளர்) எல்லார் முன்னாலும் கேட்கிறார். குலை வெட்டுபவர் தலை குனிந்து, தாடையை இறுக்கி, பேசாமல் நிற்கிறார். மண்டோர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டால் குரல் இன்னும் ஏறும். கோபம்போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் அது இளிவரல், தாழ்ந்துபோனோமே என்ற மனக்குன்றல். இளிவரலுக்குத் தொல்காப்பியம் சொல்லும் நிலைக்களன்கள், அதாவது அது பிறக்கும் இடங்கள், மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. கேட்க வேண்டிய கேள்வியே அதில் இருக்கிறது: உடம்பு முடியலையா, உயர மரத்துக்குத் தோள் தாங்கலையா?

பெரட்டு கலைந்தபின் தனியே கூப்பிட்டு, "நாலு பேரு முன்னால கேட்டது கஷ்டமா இருந்துச்சாண்ணே?" என்று தொடங்க வேண்டும். அவர் பேசி முடித்த பிறகுதான் குலைக்கணக்கு. கணக்கை முதலில் எடுத்தால் வாய் திறக்காது.

என் பரிந்துரை: உணர்வாட்சி. பொருளும் இடமும் அறிந்து சொல்லை எடுத்தாள்வதைச் சொல்லாட்சி என்கிறோமே, அதுபோல.

— மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து

மறுமொழி:

ஐயா, சொல்லாட்சி ஒப்புமை நன்று. ஆனால் மக்களாட்சி என்றால் மக்கள் ஆள்வது. அந்த வாய்பாட்டில் உணர்வாட்சி, உணர்ச்சி நம்மை ஆள்வதாகிவிடும், நேர் எதிர்ப்பொருள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதலில் அப்படித்தான் பொருள்கொள்வார்கள்.

பாடநூல்களில் 'மனவெழுச்சி நுண்ணறிவு' உண்டு. எழுச்சி என்றதும் பொங்குவதுதான் மனத்தில் வருகிறது. வெசனமும் சோர்வும் வெளியே நின்றுவிடுகின்றன. 'உணர்திறன்' ஏற்கெனவே கருவிகளுக்குப் போய்விட்டது.

கொள்திறன்போல 'உணர்வாள்திறன்' எனலாமே? 'உணர்வாள்திறன் பயிற்சி', 'அவருக்கு உணர்வாள்திறன் அதிகம்' என்றெல்லாம் வாக்கியத்தில் இயல்பாக உட்காருகிறது. பிறர் விஷயத்தில் மட்டும் 'ஆள்' உறுத்துகிறது. மண்டோர் அடுத்தவர் மனத்தை ஆளப் புறப்பட்டால் கேடு. அந்தப் பகுதிக்குப் 'பிறருணர்வறிதல்' என்று தனிச்சொல் வைத்துக்கொள்வோம் ஐயா.